பாஸ்வேர்டு கேட்டது யார்?

ஜூன் 9, 2025, திங்கள்

எங்கள் விதை நிறுவனத்தின் கும்பகோணம் தலைமை அலுவலகத்தில் புதுக் கணினிகள் 11-லும் அவுட்லுக் என்கிற மெயில் மென்பொருள் தயார். நான் ஓட்டும் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைகள்) செய்வது ஒரே வேலைதான், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஜீரோகான்ஃபிக்எக்ஸ்சேஞ்ச் என்கிற மதிப்பை 1 ஆக்கிவிடும்; அப்புறம் ஆள் முதல் தடவை அவுட்லுக்கைத் திறந்ததும் பெயரும் முகவரியும் ஊழியர் கணக்குகள் எல்லாம் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து தானாக வந்து உட்கார்ந்து கணக்கு உருவாகிவிடும். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அக்காவுக்கு மட்டும் முகவரிக் கட்டம் காலி. டைரக்டரியில் அவருடைய மின்னஞ்சல் புலத்தை யாரும் நிரப்பவில்லை. நிரப்பினேன், வந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

மன்னார்குடி கிளை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றதில் போய்ச் சேரவே பதினொன்றரை. இங்குள்ள 6 கணினிகள் டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரியோடு இணைந்த அலுவலக நெட்வொர்க்கில், இல்லை; அதனால் முகவரியை மட்டும் நாம் அடிக்க வேண்டும், மற்றதை மெயில் சர்வரைத் தானாகத் தேடும் ஆட்டோடிஸ்கவர் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளவில்லை. பாஸ்வேர்டு கேட்கிறது, போட்டால் திரும்பவும் கேட்கிறது.

"தம்பி, பத்து நாளா நாங்கதான் தப்பாப் போடுறோம்னு போன்ல சொல்றாங்க, நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்றார் மேலாளர். போட்டேன். அதே கதை. அதே பாஸ்வேர்டை பிரவுசரில் போட்டால் மெயில் அழகாகத் திறக்கிறது. ஆக, இவர்கள் மேல் தப்பே இல்லை, பத்து நாளாக இவர்களைக் குறை சொன்னது எங்கள் பக்கம் என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். கையால் சர்வர் பெயரைக் கொடுத்து முடித்துவிடலாம் என்றால், அவுட்லுக் 2016 முதல் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) கணக்குக்கு அந்த வழியே கிடையாது.

கிளம்பும்போதுதான் பாஸ்வேர்டு பெட்டியை நிதானமாகப் படித்தேன். அதில் இருந்த சர்வர் பெயர் எங்களுடையதே இல்லை.

ஜூன் 11, புதன்

இரவு மன்னார்குடியிலேயே தங்கிவிட்டேன். காலையில் கணக்கே இல்லாத வெறும் ப்ரொஃபைல் (அவுட்லுக் கணக்கு அமைப்புகளின் தொகுப்பு) ஒன்றைப் போட்டு அவுட்லுக்கைத் திறந்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள அவுட்லுக் ஐகானில் வலது கிளிக். டெஸ்ட் ஈமெயில் ஆட்டோகான்ஃபிகரேஷன் என்று ஒன்று வரும். அதில் அமைப்பை ஊகிக்கச் சொல்லும் கெஸ்ஸ்மார்ட் என்ற இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு ஓட்டி, லாக் பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது.

டொமைனில் உள்ள கணினி முதலில் ஆக்டிவ் டைரக்டரியிடம் வழி கேட்கும், அதனால்தான் கும்பகோணத்தில் பிரச்சினையே தெரியவில்லை. வெளியில் உள்ள கணினிக்கு அது எட்டாது. நேராக நிறுவனத்தின் இணைய டொமைன் பெயரில் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் இருப்பது) எச்டிடிபிஎஸ் வழியாகக் கேட்கும், அங்கே பதில் இல்லாவிட்டால்தான் ஆட்டோடிஸ்கவர் என்று முன்னொட்டு சேர்த்த முகவரிக்குப் போகும். நாங்கள் ஒழுங்காக அமைத்து வைத்திருப்பது இரண்டாவதை. முதலாவது, எங்கள் இணையதளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர். அது "மெயிலா, இங்கே வா" என்று பதில் சொல்லிவிடுகிறது. அங்கே இவர்களுக்குக் கணக்கே கிடையாது, எந்தப் பாஸ்வேர்டைத்தான் ஏற்கும்?

ஜூன் 12, வியாழன்

இன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். காலையிலிருந்தே குறுவை விதை கேட்டு கிளையில் போன் ஓயவில்லை, அதற்கு நடுவில்தான் வேலை. ஆட்டோடிஸ்கவர் ரெஜிஸ்ட்ரி கீயில் எக்ஸ்க்ளூட்எச்டிடிபிஎஸ்ரூட்டொமைன் என்று இடைவெளி இல்லாமல் ஒரு டிவேர்டு (எண் வகைப் பதிவு), மதிப்பு 1. முன்னொட்டு இல்லாத வெறும் டொமைன் பெயரைத் தாண்டிப் போ என்று அர்த்தம். பழைய ப்ரொஃபைலை கண்ட்ரோல் பேனலின் மெயில் பகுதியில் அழித்த பிறகே புதிதாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய சர்வரையே பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் கணினியில் அதை மறந்து அரை மணி நேரம் போயிற்று. மற்ற ஐந்தும் ஆளுக்கு ஐந்து நிமிடம்.

மேலாளர் அனுப்பிய முதல் மெயில், ஏடிடி 43 நெல் விதைக்கான ஆர்டர். தலைமை அலுவலகத்தில் வந்துவிட்டதா என்று போன் போட்டு உறுதி செய்துகொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

டொமைன் முகவரியில் மெயில் அமைப்புக்குப் பதில் சொல்வதை நிறுத்தும்படி ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். அது நடக்கும்வரை கிளைகளுக்கான ஸ்கிரிப்டில் நேற்றைய வரியும் இருக்கும். திங்கட்கிழமை திருத்துறைப்பூண்டி, அங்கே 4 கணினி.