கார்டு வெளுப்பது எந்த நிறத்தில் தொடங்கும்?

கார்டை வேண்டுமென்றே வெளிச்சத்தில் வைத்து நிறம் மாற்றப் போகிறீர்களா? போகிமான், மேஜிக்: தி கேதரிங் போன்ற விளையாட்டுக் கார்டுகள் அச்சாவது சயன் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில்தான். வெளிச்சத்தில் முதலில் சாவது மஞ்சளும் மெஜந்தாவும். சயனும் கறுப்பும் பிடிவாதமாக நிற்கும். அதனால்தான் சாரிசார்ட் என்ற போகிமானின் ஆரஞ்சு உடம்பு வெளுத்து, சாம்பல் கலந்த நீலமாகிவிடுகிறது. நீங்கள் நினைத்த நிறத்தை மட்டும் எடுக்க முடியாது. இந்த வரிசைப்படிதான் போகும்.

விலை போகாத, எளிதில் கிடைக்கும் காமன் கார்டில் தொடங்குங்கள். உறையைக் கழற்றிவிடுங்கள், சில உறைகள் புற ஊதாவைத் தடுக்கும். நிறம் நிற்க வேண்டிய இடத்தை அலுமினியத் தாளை வெட்டி மூடுங்கள். டேப் ஒட்டவே வேண்டாம், உரிக்கும்போது மேல்பூச்சும் மையும் சேர்ந்து வரும். தாள் தூக்கி நின்றால் வெளிச்சம் உள்ளே கசிந்து ஓரம் மங்கலாகும். மேலே கண்ணாடித் துண்டு வைத்து அழுத்துங்கள்.

வெயில் விழும் ஜன்னலோரம் போதும், வாரக்கணக்கில் ஆகும். 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடி விளக்கு என்றால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சூடு சேராமல் சின்ன ஃபேன் ஓடட்டும். ஃபாயில் கார்டு (பளபளக்கும் படலம் ஒட்டியது) சீக்கிரம் வளையும்: அட்டை ஈரத்தை இழுக்கும், விடும், ஃபாயில் அசையாது.

அதே கார்டின் இன்னொரு பிரதியை இருட்டில் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன நிறம் திரும்பாது, கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்கள்.

விற்றால், வெளுக்க வைத்தது என்று சொல்லியே விற்கவும். மை விடுபட்ட அச்சுப்பிழை என்று விற்பது மோசடி. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், வெளுத்த கார்டில் மஞ்சள், மெஜந்தா புள்ளிகளின் சாயல் பெரும்பாலும் மிச்சமிருக்கும்.