குறைய வேண்டிய எடை

கோலாலம்பூரில் குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். 26, 27 வாரத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது எடையைத்தான். அதுவோ முதல் வாரத்தில் இறங்கும். இறங்கத்தான் வேண்டும் என்று அவர்களிடம் சொல்வது எனக்கு இன்னும் சுலபமாகவில்லை.

செந்தூலிலிருந்து வந்த ஓர் இளம் அப்பா, "மிஸ்ஸி, நேத்தைவிட 30 கிராம் குறைஞ்சிருக்கே, தண்ணி கூட ஏத்தலாமே?" என்றார். "குறையறது சதை இல்ல தம்பி, பிறக்கும்போதே உடம்பில் கூடுதலா இருந்த தண்ணி" என்றேன். பிறந்த எடையில் பத்து சதவீதம், சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் குறையலாம். கொஞ்சமும் குறையாவிட்டால்தான் எங்களுக்குக் கவலை. தேங்கும் நீர் நுரையீரலைப் பாதிக்கும். இதயத்தருகே மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக்குழாய் திறந்தே இருந்துவிடவும் வாய்ப்புண்டு.

அதற்காக எப்படியும் குறையட்டும் என்று விட்டுவிட முடியாது. இந்தப் பிள்ளைகளின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அதன் வழியாகவே நீர் ஆவியாகிவிடும். அதனால் இன்குபேட்டருக்குள் முதல் நாட்களில் ஈரப்பதத்தை 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் வைக்கிறோம். கதவைத் திறந்தால் அது இறங்கிவிடும், ஆகவே வேலைகளைச் சேர்த்து ஒரே தடவையில் முடிக்கிறோம். ரத்தத்தில் சோடியம் ஏறினால் உப்பு கூடிவிட்டது என்று புதிதாக வரும் தாதியர் நினைப்பார்கள். முதல் சில நாட்களில் பெரும்பாலும் நீர்தான் குறைந்திருக்கும். பெம்பர்ஸை மாற்றியதும் நிறுக்கிறோம், காய்ந்த எடையைவிட ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி சிறுநீர். 800 கிராம் பிள்ளைக்கு மணிக்கு ஒரு மில்லி வந்தாலே எனக்கு நிம்மதி.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. முதல் நாள் ரத்தத்தில் தெரியும் அளவு பெரும்பாலும் அம்மாவுடையது. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் அது இன்னும் ஏறலாம். முதிராத சிறுநீரகம் வடிகட்டுவது குறைவு, வடிகட்டியதிலும் கொஞ்சம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அப்புறம் வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டிகளே கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 முதல் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டுதானே இருக்கின்றன! ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து "கிட்னி போச்சு" என்று எந்தப் பெற்றோரும் வீட்டுக்குப் போகக் கூடாது. சிறுநீர், எடை, சோடியம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இதை முதல் நாளே, அவர்கள் வீட்டில் பேசும் மொழியில், உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பொட்டாசியம் வேறு மாதிரி. சிறுநீர் நன்றாகப் போகும்போதே செல்களிலிருந்து வெளியேறி ரத்தத்தில் ஏறிவிடும், இதயத் துடிப்பைக் கெடுக்கும். ஆனால் குதிகாலை அழுத்திப் பிழிந்து ரத்தம் எடுத்தால் சிவப்பணு உடைந்து, இல்லாத ஏற்றமும் தெரியும். குதிகாலை வெதுவெதுப்பாக்கி, சொட்டு தானாக வரும்வரை காத்திருப்பேன். 800 கிராம் பிள்ளையின் மொத்த ரத்தமே ஏறத்தாழ 70 மில்லிதான், திரும்பத் திரும்ப எடுக்க மனம் வராது.

சரி, இரண்டாம் வாரத்தில் நிலைமை தலைகீழ். சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கத் தெரியாமல் விட்டுவிடும், சோடியம் இறங்கும். பால் போதுமான அளவு போயும் எடை ஏறாவிட்டால், டாக்டரிடம் நான் முதலில் கேட்பது சோடியம் எவ்வளவு என்றுதான்.