ஊர் திரும்பாத வுட்ஹவுஸ்

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் லண்டனில் பார்த்த வங்கி வேலையை இரண்டே வருடத்தில் விட்டார். அப்புறம் வாழ்நாள் முழுக்க எழுத்துதான்.

இரண்டாம் உலகப் போர் சமயம், 1940இல் பிரான்ஸில் வசித்தபோது ஜெர்மானியர்களிடம் சிக்கினார். முகாமில் அடைபட்டும் நாவல் எழுதிய மனுஷன்! 1941இல் விடுவித்ததும் பெர்லின் வானொலியில் ஐந்து உரைகள். முகாம் வாழ்க்கையைக் கிண்டலடித்த பேச்சுதான், ஆனால் குண்டுவீச்சில் நொந்திருந்த பிரிட்டனில் துரோகி என்றார்கள். அவருக்காக வாதாடி எழுதியவர்களில் ஜார்ஜ் ஆர்வெல்லும் ஒருவர். எனக்கும் அது துரோகமாகத் தெரியவில்லை, சுத்த அசட்டுத்தனம்.

1947இல் அமெரிக்கா போனவர், 1955இல் அந்நாட்டுக் குடிமகனானார். இங்கிலாந்து மண்ணை மறுபடி மிதிக்கவேயில்லை. கதைகளில் மட்டும் அதே பிரபு மாளிகைகள், அதே மிரட்டும் அத்தைகள், விவசாயக் கண்காட்சியில் பரிசு வாங்கும் அதே பன்றி.

93 வயதில், 1975 புத்தாண்டுக்கு ‘சர்’ பட்டம் அறிவித்தார்கள். பிப்ரவரியில் இறந்துவிட்டார். இவ்வளவு இழுத்தடித்திருக்க வேண்டாம்.