ஓட்டுநர் காட்ட மறுத்த நைரோபி

600 ஷில்லிங் என்று பேசி ஏறிய டாக்சிக்கு, இறங்கும்போது 1500 ஷில்லிங் கேட்டார் ஓட்டுநர். நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். நெரிசலில் நின்றதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டணம் என்றார். அதைவிட எரிச்சலூட்டியது வழியெல்லாம் அவர் சொல்லி வந்த அறிவுரைதான். உஹுரு பூங்காவில் பார்க்க ஒன்றுமே இல்லையாம். ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி ஊட்டும் இடத்துக்குப் போனால் நல்ல படம் கிடைக்குமாம். பத்து நிமிடம் வாதாடி 1000 ஷில்லிங்கில் முடித்துக்கொண்டு இறங்கினேன். கென்யத் தலைநகர் நைரோபியில் குறைந்த செலவில் சுற்றுவது எப்படி என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மனிதர் ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தை முதலில் எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

உஹுரு என்றால் ஸ்வாஹிலி மொழியில் விடுதலை. நகரின் நடுவே இருக்கும் இந்தப் பூங்காவில், ஆளுங்கட்சியின் நாளிதழுக்காக 60 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப 1989-இல் அதிபர் டேனியல் அராப் மோய் அரசு முடிவு செய்தது. அதை எதிர்த்துக் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தவர் பேராசிரியர் வங்காரி மாதாய். நாடாளுமன்றத்தில் அவரையும் மரம் நடும் அவருடைய பசுமைப் பட்டை இயக்கப் பெண்களையும் 'மணமுறிவு பெற்றவர்களின் கூட்டம்' என்று ஏளனம் செய்தார்கள். இயக்கத்தின் அலுவலகத்தையும் காலி செய்ய வைத்தார்கள். இருந்தும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்வாங்க, கட்டடத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்தப் புல்வெளியில் யாரோ மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். நானும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூங்காவின் ஒரு மூலைக்கு விடுதலை மூலை என்று பெயர். அரசியல் கைதிகளாகச் சிறையில் இருந்த தங்கள் மகன்களை விடுவிக்கக் கோரி, 1992 பிப்ரவரி 28 அன்று தாய்மார்கள் இங்கே உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மாதாயும் உடன் அமர்ந்தார். மார்ச் 3 அன்று காவல் துறையினர் கண்ணீர்ப்புகை வீசித் தடியடி நடத்தியதில் அவர் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது வயது முதிர்ந்த சில தாய்மார்கள், மகன் வயதுள்ள அந்தக் காவலர்களின் முன்னே தங்கள் ஆடைகளைக் களைந்து நின்றார்கள். தாய் வயதுடைய பெண் அப்படி நிற்பது அந்தச் சமூகத்தில் கொடிய சாபம். பிறகு அவர்கள் அருகிலுள்ள ஆல் செயின்ட்ஸ் பேராலயத்தின் நிலவறையில் தஞ்சம் புகுந்து, ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே இருந்தார்கள். 1993 தொடக்கத்தில் மகன்கள் அநேகமாக எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். மூலையிலிருந்து பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம், செலவு ஒன்றுமில்லை. சஃபாரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் பயண முகவர்களில் ஒருவர்கூட இந்த நடையை எனக்குச் சொல்லவில்லை.

பசி வந்தபோது, கிபாண்டா எனப்படும் தகரக் கொட்டகை உணவுக்கடை ஒன்றில் நுழைந்தேன். அம்மாவை அங்கே 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைக்கார அம்மாளை மாமா என்று அழைக்க முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. உகாலி என்ற சோளமாவுக் களியும் சுகுமா விகி என்ற கீரைப் பொரியலும் வைத்தார். களியைக் கையால் பிட்டு, கட்டை விரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களிக்குப் பழகிய கைக்கு அது கடினமாகவே இல்லை. சுகுமா விகி என்றால் 'வாரத்தைத் தள்ளு' என்று பொருளாம். மாதக் கடைசியில் இதைவிடப் பொருத்தமான பெயரை ஒரு கீரைக்கு யாரால் வைக்க முடியும்? இலை மிருதுவாக, வெங்காயமும் தக்காளியும் மட்டும் சேர்ந்து, எண்ணெய் மிதக்காமல் இருந்தது. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு இதுதான்.

கல்லாவின் மேல் முனை மடிந்த நோட்டு ஒன்று கிடந்தது. பெயர்களும் தொகைகளும் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன. 'சாமா' கணக்கு என்றார். நம் சீட்டுதான்: பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுவார்கள், முறை வைத்து ஒருவர் எடுப்பார். மாதாய் 1977-இல் தொடங்கிய இயக்கமும் இத்தகைய கிராமப் பெண்கள் குழுக்களின் வழியாகத்தான் பரவியது. விறகுக்கு வெகுதூரம் நடக்கிறோம், ஓடை வற்றிவிட்டது என்று அந்தப் பெண்கள் சொன்னதிலிருந்தே மரம் நடும் எண்ணம் பிறந்தது. பிழைத்து நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் அவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. அவரை 'மரம் நட்ட அம்மையார்' என்று மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. 1979-இல் மணமுறிவு வழக்கில் தோற்று, நீதிபதியைக் குறை சொன்னதற்காகச் சிறைக்கும் போனவர் அவர். கணவர் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றபோது, மதாய் என்பதில் ஓர் எழுத்தைக் கூட்டி, குறிலை நெடிலாக்கி, மாதாய் என்று தனக்கே உரிய பெயராக்கிக்கொண்டார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் என்று உலகம் அறிந்தது அந்த நெடில் பெயரைத்தான்.

மறுநாள் மட்டாட்டு என்னும் சிற்றுந்தில் ஏறி லிமுரு சாலை வழியாகக் கரூரா காட்டுக்குப் போனேன். பாட்டின் சத்தத்தில் இருக்கையே அதிர்ந்தது. வாயிலில் ரொக்கம் வாங்க மறுத்துவிட்டார்கள். எம்பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவை வழியாகத்தான் கட்ட வேண்டும் என்றார்கள், வெளிநாட்டவருக்குக் கட்டணமும் அதிகம். பின்னால் நின்ற ஓர் இளம்பெண் எனக்காகக் கட்டிவிட்டு என்னிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டார். 1000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட இந்தக் காட்டைத் துண்டு போட்டு அரசு தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, 1999 ஜனவரி 8 அன்று மரக்கன்றோடு வந்த மாதாயை அடியாட்கள் தலையில் அடித்தார்கள். அவர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகாரில் தன் இரத்தத்தாலேயே கையொப்பமிட்டார். இப்போது அங்கே மிதிவண்டி ஓட்டுகிறார்கள், ஓர் அருவிகூட இருக்கிறது. எனக்கு மூங்கில் புதர்களை விட்டு வரவே மனமில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மட்டாட்டுக் கட்டணமும் ஏறிவிடும். நடத்துநர் 50 ஷில்லிங்குக்குப் பதில் 100 கேட்டார். பின் இருக்கையிலிருந்த இரண்டு பெண்கள் காய்கறிக் கூடைகளை மடியில் வைத்தபடியே அவரோடு சண்டைக்கு நின்றார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டு நிறுத்தங்களுக்குள் எல்லோருக்கும் கட்டணம் 70 ஆயிற்று. எனக்கும் 30 ஷில்லிங் மிச்சம்.