எண்ணூர் பஸ்ஸுக்கு எதற்கு மெரினா ரூட்?

மும்பையில் 2023 செப்டம்பரில் பழைய டீசல் டபுள் டெக்கரைக் கடைசியாக ஓட்டி நிறுத்தியபோது, பஸ்ஸுக்கு அலங்காரம் செய்து வழியனுப்பிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே நச்சரிப்பு. நம்ம சென்னையிலும் ஒரு பழைய பல்லவனை, அதாவது அந்தக் கால அரசு டவுன் பஸ்ஸைத் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினால் என்ன? இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே மெரினா, சாந்தோம், அடையாறு என்று ரூட் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கடுப்பு. அந்த பஸ் எங்கள் வடசென்னையில், திருவொற்றியூர் ஹைரோட்டில்தான் ஓட வேண்டும்.

அது பிறந்ததே இங்கேதானே! கார் தயாரிப்பதற்காக 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் இங்கிலாந்து லேலண்டோடு கைகோத்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எங்கள் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் பஸ்ஸை முதலில் பார்த்ததே பாடி இல்லாமல்தான். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், உட்கார ஏதோ ஒரு பலகை. கூரை கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. தலையில் துண்டை இறுக்கிச் சுற்றி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புழுதியைத் தின்றபடி ஒருத்தர் அந்த சேஸிஸை ஓட்டிக்கொண்டு போவார். கரூர் வரைக்கும் அப்படியே போய் பாடி கட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. அந்த டிரைவர்களைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

பழைய வண்டியில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். கூட்டம் அதிகமானால் அதன் மூடிமேலேயே ஆள் உட்கார்ந்துவிடும், சூடு ஏறி ரெண்டு ஸ்டாப்பில் தானாக எழுந்துவிடும். கியர் கம்பி இடுப்பு உயரத்துக்கு நின்று நடுங்கிக்கொண்டே இருக்கும், இடது பக்கம் முழுக்க லேடீஸ் சீட், மழைக்கு ஜன்னலில் ரெக்ஸின் திரை, அதுவும் பாதி கிழிந்தது. கண்டக்டர் பின்படிக்குப் பக்கத்தில் தன் சீட்டை விட்டு எழமாட்டார். நாம்தான் "ஒரு ராயபுரம் பாஸ் பண்ணுங்க" என்று காசைக் கொடுக்க வேண்டும்; பத்துக் கை மாறிப் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே பத்துக் கை மாறித் திரும்பி வரும். வெளியூர்க்காரர்களுக்கு இது ஆச்சரியம். காசு காணாமல் போகாது, அதுதான் கணக்கு.

சரி, வரலாறு. 1895-லேயே மெட்ராஸில் எலக்ட்ரிக் டிராம் வந்துவிட்டது. ஆரம்பத்தில் மின்சாரம் தரைக்கு அடியில் ஓடிய பள்ளம் வழியாக வந்தது, மழைக்காலத்தில் அதில் தண்ணீர் புகுந்து வண்டி நின்றது, பிறகுதான் மேலே கம்பி இழுத்தார்கள். தண்ணீர் தேங்கும் ஊரில் தரைக்குக் கீழே கரன்ட் விட்ட மூளையை என்ன சொல்ல! 1953 ஏப்ரலில் டிராம் நின்றே போனது. அதற்குள் அரசு பஸ் வந்திருந்தது, 1947-ல். 1972-ல் அது பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆனது. அந்தக் கழகத்தின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாமே பல்லவன்தான்.

வடசென்னைக்கென்று தனிக் கழகம் இருந்தது பலருக்கு ஞாபகமே இல்லை. 1994-ல் பல்லவனைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று ஆரம்பித்தார்கள். 1997-ல், தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததையொட்டி வெடித்த சாதிக் கலவரத்துக்குப் பிறகு, தலைவர்கள் பெயரையெல்லாம் எல்லாக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. அம்பேத்கர் பெயரும் அதோடு போய், வெறும் கோட்டம் 2 ஆனது. 2001-ல் அதையும் கோட்டம் 1-உடன், அதாவது பழைய பல்லவனோடு, சேர்த்துவிட்டார்கள். பழைய பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் பல்லவன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. ஒரு வண்டியிலாவது அந்தப் பெயரும் வரட்டும்.

மெட்ரோ 2021-ல் விம்கோ நகர் வரை வந்தது, 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்களை விட்டார்கள். ஏறிப் பார்த்தேன், படி உயரம் இல்லாததால் அம்மாவுக்கு முட்டி வலிக்கவில்லை. இதைவிட்டு அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. பழைய பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகச் சொன்னால் நானே ஓடிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும்: எண்ணூரில் எடுத்து, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாக, 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு டீக்கு நிறுத்தி, பிராட்வே வரை. டிக்கெட் பழைய பேப்பர் டிக்கெட்டாகவே இருக்கட்டும், ஜிபே வேண்டாம். கண்டக்டரும் எழுந்து வரக் கூடாது.