எட்டு ஃபேக்டோரியலும் முதல் வருடப் பாடங்களும்

போன மாதம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பிசிஏ முதல் வருடத்துப் பாடங்களின் பட்டியல். கீழே ஒரு கேள்வி: "சித்தி, இதுல எதை நல்லா படிக்கணும்? எது சும்மா பாஸ் பண்ணா போதும்?"

உடனே பதில் போடவில்லை. 2008இல் நான் சேர்ந்தபோது இதே கேள்வியை ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "சி மட்டும் நல்லா படி, மத்ததெல்லாம் பரீட்சைக்கு முந்தின வாரம் பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சை நம்பி முதல் இரண்டு மாதம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் நோட்டை நான் திறக்கவே இல்லை. அதனால் இவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. விரிவாகவே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

பிளஸ் டூவில் நான் காமர்ஸ் குரூப். வணிகக் கணிதம் தெரியும். கம்ப்யூட்டரைத் தொட்டது காலேஜில்தான். லேபில் டர்போ சி இருந்தது, சி மொழியில் புரோகிராம் எழுதி ஓட்டும் மென்பொருள். நீலத் திரை, மௌஸ் அவ்வளவாகத் தேவைப்படாது. கண்ட்ரோலோடு எஃப்9 அழுத்தினால் புரோகிராம் ஓடும், ஆல்ட்டோடு எஃப்5 அழுத்தினால் விடை தெரியும். ஏழாவதோ எட்டாவதோ லேப் வகுப்பில் ஃபேக்டோரியல் புரோகிராம் போட்டோம். ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரைக்கும் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு ஃபார் லூப், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். 5 கொடுத்தேன், 120 வந்தது. 7 கொடுத்தேன், 5040. சந்தோஷமாக 8 கொடுத்தேன். திரையில் வந்தது: -25216.

கழித்தல் எங்குமே இல்லை. வெறும் பெருக்கல். எட்டு நேர் எண்களைப் பெருக்கினால் எதிர் எண் எப்படி வரும்? புரோகிராமை மூன்று முறை வரிவரியாகப் பார்த்தேன், தப்பே தெரியவில்லை. பக்கத்து சிஸ்டத்தில் இருந்தவளுக்கும் அதே -25216. அவள் "7 வரைக்கும் போட்டு ரெக்கார்டுல ஒட்டிடலாம்டி" என்றாள். நான் லேப் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் திரையைப் பார்த்தார். "புரோகிராம்ல தப்பில்லம்மா. நீ கொடுத்த இடத்துல அந்த எண் கொள்ளல. உன் டிஜிட்டல் நோட்டுல டூஸ் காம்ப்ளிமென்ட்னு ஒரு பாடம் இருக்கும். வீட்டுக்குப் போய் 40320ஐ பைனரியில எழுதிப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பைனரி என்றால் 0, 1 இரண்டை மட்டும் வைத்து எண்ணை எழுதுவது. 40320ஐ இரண்டால் வகுத்து வகுத்து மீதியைக் கீழிருந்து மேலாக எழுதினால் 1001110110000000. சரியாகப் பதினாறு இலக்கம். டர்போ சியில் ஓர் இன்ட், அதாவது முழு எண் வைக்கும் இடம், இரண்டு பைட். பதினாறு பிட், ஒவ்வொரு பிட்டிலும் ஒரு 0 அல்லது 1. ஆக, இடம் போதாமல் எதுவும் வெளியே சிந்தவில்லை. ஆனால் இடது ஓரத்து முதல் பிட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. அது 1 என்றால் எண் எதிர் எண் என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த இன்ட்டில் கொள்ளும் பெரிய எண் 32767. அதன் மதிப்பைக் கண்டுபிடிக்க எல்லா பிட்டையும் புரட்டிப் போட்டு ஒன்றைக் கூட்ட வேண்டும். புரட்டினேன்: 0110001001111111. ஒன்றைக் கூட்டினேன்: 0110001010000000. இதை நாம் வழக்கமாக எழுதும் பதின்ம எண்ணாக மாற்றினால் 25216. முன்னால் ஒரு கழித்தல் குறி.

திரையில் பார்த்த அதே எண் என் கையெழுத்தில் நோட்டில் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சி என்று ஒரு நோட்டும் டிஜிட்டல் என்று இன்னொரு நோட்டும் தனித்தனியாக அட்டை போட்டு வைத்திருந்தேன். உள்ளே இருந்தது ஒரே சங்கதி.

அதற்குப் பிறகு டிஜிட்டல் பேப்பரை நான் விடவில்லை. பலர் அதைப் பார்த்து மிரள்வது கே-மேப்பில்தான், அதாவது லாஜிக் கோவையைச் சுருக்க உதவும் கட்டங்கள் போட்ட அட்டவணையில். 00, 01 முடிந்ததும் 10 வராமல் 11 வருவது ஏன் என்று கேட்காமலே மனப்பாடம் செய்துவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு பிட் மட்டும் மாற வேண்டும், அதற்காகத்தான் அந்த வரிசை. இந்த ஒரு வரி புரிந்தால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 1களை வட்டம் போட்டுச் சேர்ப்பது விளையாட்டு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அந்தப் பேப்பரின் உயிர் லேபில் இருக்கிறது. ட்ரெய்னர் கிட்டில், அதாவது சர்க்யூட் இணைத்துப் பழகும் பலகையில், மூன்று ஐசி சில்லுகள்: 7486, 7408, 7432. முதலாவதில் எக்ஸ்-ஆர், இரண்டாவதில் ஆண்ட், மூன்றாவதில் ஆர் என்ற லாஜிக் கேட்டுகள். மூன்றையும் ஒயரால் இணைத்தால் ஃபுல் ஆடர், அதாவது மூன்று பிட்டுகளைக் கூட்டும் சர்க்யூட். ஐசியின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும். அதைக் கவனிக்காமல் முதல் தடவை ஒன்றைத் திருப்பிச் செருகிவிட்டேன். பதினான்காவது பின்னுக்குப் போக வேண்டிய ஐந்து வோல்ட் ஏழாவது பின்னுக்குப் போய்விட்டது. விரல் வைக்க முடியாத சூடு. மாற்றிப் போட்டு, மூன்று சுவிட்சையும் மேலே தள்ளினேன். இரண்டு எல்இடியும் ஒன்றாக எரிந்தன. ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று, பைனரியில் 11. இப்படிப் பதினாறை வரிசையாகக் கோத்தால் என் இன்ட்டைக் கூட்டும் இயந்திரம் தயார். பெருக்கலும் அடிப்படையில் இந்தக் கூட்டலைத் தள்ளித் தள்ளிச் செய்வதுதான். -25216 எங்கே பிறந்தது என்பதை அந்த ஒயர்களுக்கு நடுவே கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

டிஸ்க்ரீட் மேத்ஸ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கைவிடுவது அதைத்தான். "கணக்கு வேண்டாம்னுதானே பிசிஏ சேர்ந்தோம்" என்று என் வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். முதல் யூனிட்டில் ட்ரூத் டேபிள் வரும், எந்தெந்த நிலையில் ஒரு கூற்று உண்மை, எப்போது பொய் என்று காட்டும் அட்டவணை. டி, எஃப் என்று எழுதுவோம். டிஜிட்டலில் அதே டேபிள் 1, 0 என்று வரும். சியில் இஃப் கண்டிஷனுக்குள் அதே டேபிள் மூன்றாம் முறை வரும். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854இல் மனிதர்களின் தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். அப்போது கம்ப்யூட்டரும் இல்லை, மின்விளக்கும் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. 1937இல் கிளாட் ஷானன், அப்போது 21 வயது, எம்ஐடியில் கொடுத்த முதுகலை ஆய்வேட்டில், இந்த இயற்கணிதத்தை வைத்து ஸ்விட்ச் சர்க்யூட்டுகளை வடிவமைக்கலாம் என்று காட்டினார். மேத்ஸ் பேப்பரையும் டிஜிட்டல் பேப்பரையும் சேர்த்து முடிச்சுப் போட்ட இடம் அதுதான்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. டி மார்கன் என்ற கணித அறிஞர். அவர் பிறந்தது நம் மதுரையில், 1806இல். கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவர் பெயரில் இருக்கும் விதி இரண்டு வரிதான். அந்த இரண்டு வரி எனக்கு இன்றைக்கும் சம்பளம் வாங்கித் தருகிறது.

நான் இப்போது பில்லிங் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒருமுறை ஒரு ரிப்போர்ட்டில் ரத்தான பில்லும் வரக்கூடாது, நிலுவையில் உள்ள பில்லும் வரக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். எழுதிய தம்பி போட்டிருந்த நிபந்தனை: "ரத்து இல்லை, அல்லது நிலுவை இல்லை". வாசிக்கும்போது சரியாகத்தான் இருக்கும். ஓட்டினால் எல்லா பில்லும் வந்து நிற்கும், ஏனென்றால் ரத்தான பில் நிலுவையில் இருக்காது, நிலுவையில் உள்ளது ரத்தாகி இருக்காது. இரண்டில் ஏதோ ஒன்று எப்போதும் உண்மையாகிவிடும். "இல்லை" என்பதை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோகும்போது "அல்லது" என்பது "மற்றும்" ஆக மாற வேண்டும். டி மார்கன் சொன்னது அவ்வளவுதான். தம்பியிடம் ஒரு தாளில் நான்கு வரி ட்ரூத் டேபிள் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டான்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எங்களுக்கு இரண்டாவது பருவத்தில் வந்தது. அதைப் பற்றி ஒன்றே ஒன்று: லிங்க்டு லிஸ்ட்டை, அதாவது ஒவ்வொரு நோடும் (தகவல் வைக்கும் பெட்டி) அடுத்ததன் முகவரியைப் பாயின்டராக வைத்திருக்கும் சங்கிலியை, கம்ப்யூட்டரில் தொடுவதற்கு முன் தாளில் வரையவும். ஒவ்வொரு நோடுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு பாயின்டருக்கும் ஓர் அம்பு. நடுவில் ஒரு நோடைச் செருகும்போது எந்த அம்பை முதலில் மாற்றுவது என்பது பென்சிலில்தான் புரியும். வரிசை மாறினால் பின்னால் இருக்கும் லிஸ்ட் முழுக்கக் கை நழுவிப் போய்விடும். வரையாமல் புரோகிராமை மனப்பாடம் செய்தவர்கள் வைவாவில் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆபீஸ் ஆட்டோமேஷன் பேப்பருக்கு ஒரு வாரம் போதும். அக்கவுண்ட்ஸ் எனக்குப் பிளஸ் டூவிலேயே பழக்கம் என்பதால் சுலபமாகப் போனது. மற்ற குரூப்பிலிருந்து வந்தவர்கள் பற்று, வரவு இரண்டையும் ஒரு மாதம் பொறுமையாகப் பழகினால் போதும். மொழிப் பாடங்களை அலட்சியப்படுத்த வேண்டாம், அரியர் எந்தப் பாடத்தில் விழுந்தாலும் அரியர்தான்.

சரி, அக்கா மகளின் பட்டியலுக்கு வருகிறேன். இப்போது பல இடங்களில் முதல் பருவத்திலேயே பைத்தான் வந்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான், சி அடுத்த பருவத்தில். நல்ல மாற்றம். எழுத எளிது, பயம் போய்விடும். ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. பைத்தானில் 8 ஃபேக்டோரியல் 40320 என்றே வரும். 34 ஃபேக்டோரியல் கேட்டால் 39 இலக்க எண் முழுசாக வரும், கடைசியில் ஏழு பூஜ்ஜியத்தோடு. இடம் போதவில்லை என்றால் பைத்தான் தானே கூடுதல் இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் எனக்கு அன்றைக்குக் கிடைத்த -25216 இவளுக்குக் கிடைக்காது. டிஜிட்டல் நோட்டைத் திறக்க ஒரு காரணம் குறைந்துபோகிறது.

அதனால் அவளிடம் சொன்னேன்: சி லேப் வரும்போது முதல் வேலையாக ஃபேக்டோரியல் போடு. இன்றைய கம்பைலர்களில் இன்ட் பெரும்பாலும் நான்கு பைட். 12 வரைக்கும் ஒழுங்காக வரும். 13 கொடுத்தால் 1932053504 வரும். கழித்தல் குறி இல்லை, பார்க்க நல்ல எண்ணாகத் தெரியும். ஆனால் உண்மையான விடை 6227020800. -25216 தானாகவே கையைத் தூக்கிக் காட்டிக்கொடுத்தது, இது காட்டிக்கொடுக்காது. என் வேலையில் நான் அதிகம் பயப்படுவது இந்த மாதிரி விடைக்குத்தான். அப்புறம் 34 கொடுத்துப் பார். வெறும் பூஜ்ஜியம் வரும். ஏன் என்று மேத்ஸ் நோட்டை வைத்து யோசி: 1 முதல் 34 வரை பெருக்கும்போது மொத்தம் முப்பத்திரண்டு 2 சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு 2க்கும் பைனரியின் கடைசியில் ஒரு பூஜ்ஜியம். முப்பத்திரண்டு பிட்டும் பூஜ்ஜியமாகிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

"அது அடுத்த செமஸ்டர்ல தானே சித்தி, இப்ப என்ன பண்றது?" என்றாள். பைத்தானைத் திறந்து 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் வந்தது: 0.30000000000000004. கீழே நான்கு கேள்விக்குறி.

"பில்லில் இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அதற்காகத்தான் பில்லிங்கில் பல இடங்களில் பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்கிறோம் என்றேன். ஆனால் ஏன் வருகிறது என்பதை நான் சொல்லவில்லை. டிஜிட்டல் நோட்டில் பின்னத்தைப் பைனரியாக மாற்றும் முறை இருக்கும், 0.1ஐ இரண்டால் பெருக்கிக்கொண்டே போ, முழுப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து எழுது என்றேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது. ரூல்டு தாளில் பென்சிலில் எழுதியிருந்தாள். 0.2, 0.4, 0.8, 1.6, 1.2, அப்புறம் மறுபடி 0.4, 0.8, 1.6. ஓரத்தில் அம்புக்குறி போட்டு ஒரு வட்டம்.

"சித்தி, இது முடியவே மாட்டேங்குது. திரும்பத் திரும்ப அதே வருது. அப்போ கம்ப்யூட்டர் எங்க நிறுத்தும்?"