தொண்ணூறுல ஒரு பங்கு

எட்டு மாசம் நான் பாத்த வேலை இதான், அமெரிக்கா தனி நாடா ஆன புதுசுல அவங்க கருவூலத்துல எழுதின பேரேடுகளோட ஸ்கேன் படத்தைத் தெறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா எக்செல்ல ஏத்தணும், பேரு, ஊரு, தேதி, தொகை. டேட்டா என்ட்ரினுதான் சேந்தேன், ஆனா நான் செஞ்ச வேலைலயே மனசுல ரொம்ப ஆழமா நிக்கறது இதுதான்.

ஆரம்பத்துலயே பெரிய தப்பு பண்ணிட்டேன். விடுதலைப் போர் காலத்துக் கணக்குல டாலருக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை சென்ட்னு நெனச்சு ரெண்டு வாரம் ஏத்திட்டேன், எந்தப் பக்கத்துலயும் அடித்தொகை ஒத்துவரல, அவங்க கூட்டல் தப்போன்னு கூட நெனச்சேன். ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கட்டத்தை மட்டும் மேலருந்து கீழ பாத்துக்கிட்டே வந்தா 89க்கு மேல ஒரு எண்ணு கூட இல்ல. உடனே தாத்தா ஞாபகம் வந்துருச்சு. அவரு அரிசி மண்டில கணக்குப்பிள்ளை, அவரோட பழைய நாள்வழில அணா 15ஓட நின்னுடும், அடுத்தது ரூபாய்க்கு ஏறிடும். இங்கயும் அதே மாதிரிதான், டாலரைத் தொண்ணூறு பங்காப் பிரிச்சு எழுதிருக்காங்க, ஏன்னா அப்போ பென்சில்வேனியா மாநிலத்துல ஒரு டாலர்னா ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 90 பென்ஸ். டாலர், சென்ட்லதான் அரசாங்கக் கணக்கு எழுதணும்னு சட்டமே 1792 ஏப்ரல்லதான் வந்துச்சு. 90ஆல திரும்பக் கூட்டினேன், அடித்தொகை அப்படியே வந்து உக்காந்துச்சு, 200 வருஷத்துக்கு முன்னாடி இறகுப் பேனாவால கூட்டின அந்த கிளார்க் மேல பெரிய மரியாதை வந்துருச்சு.

கருவூலம் 1789 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, ஹாமில்டன்தான் முதல் செயலர். ஆனா இந்தப் புத்தகங்களைக் காப்பாத்தி வச்சவரு பதிவாளர் ஜோசப் நோர்ஸ், 1829 வரைக்கும் 40 வருஷம், ஆறு ஜனாதிபதி மாறியும் அவரு அதே நாற்காலில இருந்தாரு. 1801ல தீ, 1814ல பிரிட்டிஷ் படை வச்ச தீ, அப்புறம் 1833ல பொய்ப் பென்ஷன் காகிதங்களை அழிக்கறதுக்காகவே ரெண்டு அண்ணன் தம்பி வச்ச தீ, இத்தனையும் தாண்டி மிஞ்சினதுதான் நாம இன்னிக்குப் படிக்கறது.

எனக்கு மனசு கனத்தது 1790க்கு அப்புறம் வர்ற பேரேடுகள்லதான். போர்க் கடனைப் புதுப் பத்திரமா மாத்திக் குடுக்க அந்த வருஷம் ஆகஸ்ட்ல வந்த சட்டப்படி 100 டாலர் அசல் இருந்தா 66 டாலர் 67 சென்டுக்கு உடனே ஆறு சதவீத வட்டி, மீதி 33 டாலர் 33 சென்டுக்கு 1801லேந்துதான் வட்டி, பாக்கி வட்டிக்குத் தனியா மூணு சதவீதப் பத்திரம், ஒரே ஆளோட கடன் மூணு கணக்காப் பிரிஞ்சு நிக்கும். போர்ல சண்டை போட்ட சிப்பாய்க்கு சம்பளத்துக்குப் பதிலா கடன் சீட்டு குடுத்தாங்க, வயித்துப்பாட்டுக்கு அவன் அதைக் கால் விலைக்கும் கீழ வித்துட்டான், இந்தச் சட்டத்தால முழு மதிப்பு வந்தப்ப சீட்டு வியாபாரி கைல இருந்துச்சு. முதல்ல வாங்கின சிப்பாய்க்கும் பங்கு குடுங்கன்னு பின்னாடி ஜனாதிபதியான மேடிசன் அவங்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல கேட்டாரு, 36க்கு 13னு தோத்துப்போச்சு. சரித்திரப் புத்தகத்துல அது ஒரே வரி. நான் பாத்த பேரேட்டுல ஒரே வியாபாரி பேருக்கு பக்கம் பக்கமா வரவு, ஏத்திக்கிட்டே போறப்ப அந்தச் சீட்டையெல்லாம் வித்தவங்க பேரு எங்க போச்சுன்னுதான் தோணிக்கிட்டே இருந்துச்சு.

அதுக்கு நடுவுல பேருக்குப் பக்கத்துல 'விதவை'ன்னு எழுதின ஒரு அம்மா, மூணு சதவீதப் பத்திரம் 40 டாலர். மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி 30 சென்ட். வாங்கினதுக்குக் கையெழுத்து இடத்துல ஒரு பெருக்கல் குறி, மை கொஞ்சம் ஊறி வலது பக்கம் இழுத்திருக்கு. 

ஒரு டாலருக்குக் கீழ உள்ள வட்டி வரியெல்லாம் விட்டுடலாம், டைம் இல்லன்னு எங்க டீம் லீட் சொன்னாங்க. அந்தப் பக்கத்தை அவங்க ஸ்க்ரீன்ல தெறந்து காமிச்சேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு, சரி ஏத்துங்கன்னாங்க. கூடுதலா மூணு வாரம் ஆச்சு, ஒரு வரி விடல.